வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய கணினியை ஆன் செய்துவிட்டு, அடுப்பில் பால் வைத்து டீ போட்டு எடுத்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ரேமையும் ப்ராசசரையும் தொடாமல் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிரைவ்) போட்டால் அதே கணினியில் அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்து நிற்கும். இது இன்று பலருக்கும் தெரியும். தடுமாற்றம் கடைக் கவுண்டரில்தான் ஆரம்பிக்கிறது. 1 டிபி கேட்டால் ஐந்தாறு பெட்டிகள் வந்து விழும். ஒன்றின் முகப்பில் 550, அடுத்ததில் 3,500, இன்னொன்றில் 7,000 என்று, நொடிக்கு இத்தனை எம்பி எனக் கொட்டை எழுத்தில் வேகம் போட்டிருக்கும். பெரிய எண் இருப்பதை வாங்கினால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பலர் ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண். பெட்டியில் இருப்பது ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். 50 ஜிபி வீடியோவை ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொரு எஸ்எஸ்டிக்கு நகர்த்தும்போது அது கணக்கில் வரும். விண்டோஸ் எழும்போதும், குரோம் திறக்கும்போதும், டேலியில் கணக்குப் பார்க்கும்போதும் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை, பெரும்பாலும் 4 கேபி அளவில், அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில், வேண்டிய இடம் தரவைப் படிக்கும் ஊசிக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு துண்டுக்கு 10 மில்லி நொடியைத் தாண்டிவிடும். அப்படியானால் நொடிக்கு நூறு துண்டு, அதாவது அரை எம்பிகூடத் தேறாது. சாட்டா எஸ்எஸ்டியில் (ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ள அதே பழைய வகை இணைப்பில் ஓடுவது) இதே வேலை நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரை நடக்கும். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியில் (அதைவிட வேகமான புதிய வகை இணைப்பில் ஓடுவது) 50 முதல் 80 வரை போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் ஐம்பது, நூறு மடங்கு. சாட்டாவுக்கும் 7,000 என்று எழுதியதற்கும் இடையே இந்த வேலையில் இரண்டு மடங்குதான். அந்த இரண்டு மடங்கும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

ஆகவே வேகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: போர்டில் எது பொருந்தும், உள்ளே எந்த வகை ஃபிளாஷ் (தரவைச் சேமிக்கும் சிப்) இருக்கிறது, டிராம் (எஸ்எஸ்டியின் சொந்த வேக நினைவகம்) உண்டா இல்லையா, வாரண்டி எத்தனை வருடம்.

முதலில் போர்டு

விண்டோஸ் பொத்தானைத் தட்டி "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்தால், "பேஸ்போர்டு ப்ராடக்ட்" என்ற வரியில் மதர்போர்டின் பெயர் இருக்கும். கடைக்குக் கிளம்புமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி போர்டையும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய இன்டெல் போர்டான எச்61 வகை என்றால் எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்) கிடையாது. அந்தச் சிப்செட்டில் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) சாட்டாவும் பழைய 3 ஜிகாபிட் வகைதான். 550 என்று எழுதிய எஸ்எஸ்டி அதில் 270, 280 எம்பியோடு நின்றுவிடும். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, சின்னத் துண்டுகளைப் படிக்கும் வேகம் ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட்டுகள் உண்டு. அவற்றில் இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். போர்டின் மேலேயே ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், பல போர்டுகளில் நிறமும் மாறியிருக்கும். எஸ்எஸ்டியை 6 ஜிகாபிட் போர்ட்டில் மாட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கை மற்றதற்கு மாற்றிவிடுங்கள்.

இந்தத் தலைமுறைக் கணினிகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிபந்தனை. எச்61, எச்81 கணினிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கோ லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தவோ இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்டலாம் என்றால் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிக்கு மேல் செலவழிக்காதீர்கள். கணினியை மாற்றும் நாளில் அதைக் கழற்றிப் புதியதில் இரண்டாவது டிரைவாக மாட்டிக்கொள்ளலாம்.

எச்110 போர்டுகளில் சிலவற்றில் எம்.2 ஸ்லாட் இருக்கும். ஆனால் அந்தச் சிப்செட் கொடுப்பது பிசிஐஇ 2.0 வழிகள். (பிசிஐஇ என்பது என்விஎம்இ ஓடும் பாதை; அதன் தலைமுறையைத்தான் ஜென் 3, ஜென் 4 என்கிறார்கள்.) நான்கு வழி கிடைத்தாலும் நொடிக்கு 2,000 எம்பியை எட்டாது, இரண்டு வழிதான் என்றால் அதிலும் பாதி. இதில் ஜென் 4 எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளே இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5600ஜி, 5700ஜி ப்ராசசர் போட்ட கணினிகளிலும் இதே கதைதான். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக வேண்டாம் என்பதால் நம் ஊரில் இவற்றை நிறைய வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போர்டு ஜென் 4 தரும் பி550 ஆகவே இருந்தாலும் இந்த இரு ப்ராசசர்களும் ஜென் 3 வரைதான் பேசும். ஜென் 4 எஸ்எஸ்டியை மாட்டலாம், கெட்டுப்போகாது, 3,500க்குப் பக்கத்தில் ஓடும். விலை ஒன்றாக இருந்தால் ஜென் 4ஐயே வாங்குங்கள், ஏறினால் வேண்டாம்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் உள்ள 2280 என்ற அளவுதான் டெஸ்க்டாப்பில் பொதுவானது. அதே வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. தங்க நிறப் பற்களில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. பழைய லேப்டாப் சிலவற்றின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். புதிய லேப்டாப் பலவற்றில் தலைகீழ். மாடல் எண்ணைப் போட்டு மேனுவலில் பார்க்காமல் லேப்டாப்புக்கு எம்.2 வாங்கவே வாங்காதீர்கள்.

ஃபிளாஷ்: மூன்றா, நான்கா

விலை வித்தியாசத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. டிஎல்சி வகையில் ஒரு செல்லில் (ஃபிளாஷில் தரவு தங்கும் மிகச் சிறிய அறை) 3 பிட், கியூஎல்சி வகையில் 4 பிட் அடைக்கிறார்கள். கியூஎல்சியில் அதே சில்லில் (சிப்பில்) அதிக இடம் கிடைப்பதால் விலை குறைகிறது. ஆனால் ஒரு செல்லில் பதினாறு மின்னழுத்த நிலைகளைப் பிரித்து எழுத வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் விழுகிறது, தேய்மானமும் கூடுகிறது.

இந்த மந்தத்தை மறைக்க எல்லா நிறுவனங்களும் ஒரு வேலை செய்கின்றன. காலியாக இருக்கும் இடத்தில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரே பிட் என்ற வேகமான முறையில் தற்காலிகமாகப் பயன்படுத்துகின்றன. இதை எஸ்எல்சி கேஷ் என்பார்கள். அது நிறையும்வரை பெட்டியில் உள்ள வேகம் வரும், நிறைந்தபின் சாயம் வெளுத்துவிடும். சாம்சங் 870 கியூவோ 1 டிபி இதற்கு நல்ல உதாரணம். கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி என்றும், அதைத் தாண்டினால் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்றும் சாம்சங்கே தன் விவரத்தாளில் போட்டிருக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே பொதுவாக இதைவிட வேகமாக எழுதும். கல்யாண வீடியோ 100 ஜிபியை அதில் ஏற்றிப் பாருங்கள், பாதி வழியில் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக நகரும்.

இந்தக் கேஷ் நிலையான அளவிலும் இருப்பதில்லை. காலி இடத்திலிருந்து கடன் வாங்குவதால், டிரைவ் நிறைய நிறையக் கேஷ் சுருங்கும். கியூஎல்சியில் 1 ஜிபி கேஷுக்கு 4 ஜிபி காலி இடம் வேண்டும், டிஎல்சியில் 3 ஜிபி. வாங்கியபோது பறந்த எஸ்எஸ்டி, 90 சதவீதம் நிறைந்ததும் ஏன் இழுக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எந்த எஸ்எஸ்டியாக இருந்தாலும் 15 சதவீதம் காலியாக விட்டுவையுங்கள்.

கியூஎல்சி என்றாலே குப்பை என்று சொல்லவில்லை. கேம்களை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிற இரண்டாவது டிரைவுக்கு அது போதும். ஆனால் விண்டோஸ் இருக்கும் ஒரே டிரைவாக அதைப் போடுவதற்கு, டிஎல்சியைவிட விலை நன்றாக இறங்கியிருக்க வேண்டும். நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காகக் கியூஎல்சி வாங்குவது நல்ல பேரம் அல்ல.

டிஎல்சியா, கியூஎல்சியா என்று பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். அப்போது டிபிடபிள்யூ என்ற எண்ணைப் பாருங்கள். வாரண்டி காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று நிறுவனம் கொடுக்கும் அளவு அது. 1 டிபி அளவில் டபிள்யூடி ப்ளூ எஸ்என்580க்கு 600, சாம்சங் 990 ஈவோ பிளஸ்ஸுக்கு 600. க்ரூசியல் பி3, பி3 பிளஸ் இரண்டுக்கும் 220. கிங்ஸ்டன் என்வி2, என்வி3க்கு 320. எண்ணே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறது. 1 டிபிக்கு 600 என்றால் டிஎல்சி என்று நம்பலாம், 220 என்றால் கியூஎல்சி. 320 என்பது நிறுவனம் தன் கையைக் கட்டிக்கொள்ள விரும்பாத இடம். என்வி2இல் எந்தக் கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சிப்), எந்த ஃபிளாஷ் இருக்கும் என்று கிங்ஸ்டன் உறுதி தரவில்லை. ஒரே பெயரில் டிஎல்சியும் வந்திருக்கிறது, கியூஎல்சியும் வந்திருக்கிறது.

அதே நேரம் டிபிடபிள்யூ குறைவு என்பதற்காக டிரைவ் சீக்கிரம் செத்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுவதே அதிகம். வருடத்துக்கு 7.3 டிபி. 220ஐ அதால் வகுத்தால் முப்பது வருடம் வருகிறது. வீட்டு எஸ்எஸ்டிகள் ஃபிளாஷ் தேய்ந்து சாவது அபூர்வம், கன்ட்ரோலரோ ஃபர்ம்வேரோ (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருள்) மின்சாரக் கோளாறோதான் கொல்லும். அதனால் டிபிடபிள்யூவை ஃபிளாஷ் வகையைக் கண்டுபிடிக்கும் துப்பாகப் பயன்படுத்துங்கள். 3 வருட வாரண்டியா, 5 வருடமா என்பதே பையைத் தொடுகிற விஷயம்.

டிராம் விஷயத்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள், அது பாதி தவறு

எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தன்னிடமே வைத்திருக்கும். தனி டிராம் சில் இருந்தால் அட்டவணை அங்கே இருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மெதுவான ஃபிளாஷில் போய்ப் புரட்ட வேண்டும். "டிராம் இல்லாததை வாங்காதே" என்ற அறிவுரை இப்படி வந்தது.

என்விஎம்இயில் இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. கணினியின் ரேமிலேயே கொஞ்சம் இடம் கடன் வாங்கி அட்டவணையை வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து இது வேலை செய்கிறது. பெரும்பாலும் 64 எம்பி எடுக்கும், 8 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. அதனால் என்விஎம்இ வாங்கும்போது டிராம் இல்லாததைத் தாராளமாக வாங்கலாம். சாட்டாவில் இந்த வழி கிடையாது. சாட்டா எஸ்எஸ்டியால் கணினியின் ரேமை எட்ட முடியாது. ஆகவே டிராமுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய இடம் சாட்டாதான், அதுவும் டிரைவைப் பாதிக்கு மேல் நிரப்பி வைப்பவர்களுக்கு. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சாட்டாவில் ஆக மலிவானதையும், என்விஎம்இயில் ஆக விலையுயர்ந்ததையும் எடுத்து வருகிறார்கள்.

இனி பெயர்களுக்கு வருவோம்

சாட்டா மட்டும் உள்ள கணினிக்கு முதல் தேர்வு சாம்சங் 870 ஈவோ. டிஎல்சி, டிராம் உண்டு, 5 வருட வாரண்டி, 500 ஜிபிக்கு 300 டிபிடபிள்யூ. க்ரூசியல் எம்எக்ஸ்500 கிடைத்தால் அதுவும் இதே தரம்தான், 5 வருடம், 500 ஜிபிக்கு 180. இரண்டில் எது மலிவோ அது. ஒரு பெயரை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்எக்ஸ்500 வேறு, பிஎக்ஸ்500 வேறு. பிஎக்ஸ்500இல் டிராம் கிடையாது, வாரண்டி 3 வருடம். கிங்ஸ்டன் ஏ400உம் அதே கட்டு: டிராம் இல்லை, 3 வருடம், 480 ஜிபிக்கு 160 டிபிடபிள்யூ. பிரவுசிங், ஆபீஸ் வேலை, ஆன்லைன் வகுப்பு இவ்வளவுதான் என்றால் இவ்விரண்டும் போதும். ஆனால் 870 ஈவோவைவிடக் கால்பங்காவது விலை குறைந்திருந்தால் மட்டுமே வாங்குங்கள். பட்டியலில் முப்பது ரூபாய் குறைவாகத் தெரிகிறது என்று கையை நீட்டாதீர்கள்.

எம்.2 என்விஎம்இ ஸ்லாட் உள்ள வீட்டுக் கணினிக்கு எங்கள் முதல் பரிந்துரை டபிள்யூடி ப்ளூ எஸ்என்580, 1 டிபி. ஜென் 4, படிக்கும் வேகம் 4,150, டிஎல்சி, 600 டிபிடபிள்யூ, 5 வருடம். டிராம் இல்லை, தேவையும் இல்லை. அதிகம் சூடாவதில்லை என்பது நம் ஊர் மே மாதத்துக்கு முக்கியம். அடுத்து வந்த எஸ்என்5000உம் 1 டிபியில் இதே 600, 5 வருடம், வேகம் 5,150. இரண்டில் விலை குறைந்ததை எடுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஃபிளாஷ் வியாபாரம் 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது, அதனால் பெட்டியில் பெயர் மாறியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். சாம்சங் 990 ஈவோ பிளஸ் இதைவிட வேகமானது. தள்ளுபடியில் விலை நெருங்கி வந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்கு அவசியமில்லை. வீடியோ எடிட்டிங் தினமும் செய்பவர்களுக்கு மட்டும் கிங்ஸ்டன் கேசி3000 போன்ற டிராம் உள்ளதைச் சொல்வோம், 1 டிபிக்கு 800 டிபிடபிள்யூ. ஜென் 5 வகையை வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். ஹீட்சிங்க் இல்லாமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், விலையும் எட்டாது.

க்ரூசியல் வாங்குபவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். க்ரூசியல் என்ற பெயரில் நேரடியாக மக்களுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக அதன் தாய் நிறுவனமான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை சரக்கு அனுப்புவோம், ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. பொருள் நல்லது, ஆனால் கையிருப்புச் சரக்காகத்தான் இனி கிடைக்கும். அதனால் பில்லை இருமடங்கு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் ஃபிளாஷையும் ரேமையும் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறுமுகம். இன்று பார்த்த விலை அடுத்த மாதம் இருக்கும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அளவு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். 256 ஜிபி இன்று போதாது. விண்டோஸும் அதன் அப்டேட்களும் ஆபீஸும் வாட்ஸாப் படங்களும் சேர்ந்தால் வருடத்தில் நிறைந்துவிடும். 500 ஜிபி குறைந்தபட்சம். 1 டிபிக்கு ஜிபிக் கணக்கில் விலை குறைவாக இருக்கிறதா என்று வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 500 ஜிபி 4,000 ரூபாய், 1 டிபி 6,500 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால், முதலாவது ஜிபிக்கு 8 ரூபாய், இரண்டாவது ஆறரை. மாட்டியபின் 1 டிபி என்பது விண்டோஸில் 931 என்றும், 500 என்பது 465 என்றும் காட்டும். ஏமாற்று இல்லை, நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

கடையில் கவனிக்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருக் கடையாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் இல்லாமல் என்றால் முந்நூறு ரூபாய் குறைச்சுக்கலாம் சார்" என்றால், அந்த முந்நூறுக்கு ஐந்து வருட வாரண்டியை விற்கிறீர்கள் என்று அர்த்தம். பில்லில் சீரியல் எண் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் கவுண்டரில் நின்றபடியே போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் வாரண்டி இல்லை என்று வந்தால், அது வேறு நாட்டுச் சந்தைக்குப் போக வேண்டிய சரக்கு.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது. புதிய டிரைவில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் பழையதைப் புதுப் பெட்டியில் போட்டுத் தந்திருக்கிறார்கள், அன்றே திருப்பிவிடுங்கள். அதே திரையில் "டிரான்ஸ்ஃபர் மோட்" என்று ஒரு வரி உண்டு. அதில் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் இருப்பது டிரைவின் முழுத் தகுதி. இடப்பக்கம் சாட்டா 300, வலப்பக்கம் சாட்டா 600 என்றிருந்தால், எச்61 போன்ற 3 ஜிகாபிட் மட்டும் உள்ள போர்டாக இல்லாதவரை, தவறான போர்ட்டில் மாட்டியிருக்கிறீர்கள்.

ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி, 16 டிபி என்று விற்கும் யுஎஸ்பி எஸ்எஸ்டிகளைத் தொடவே வேண்டாம். அவற்றைப் பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கன்ட்ரோலர் பொய்யான அளவைச் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிறைந்தபின் எழுதும் ஒவ்வொரு ஃபைலும் பழையதன்மேல் விழுந்து இரண்டுமே போய்விடும். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள் முழு இடத்திலும் எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும்.

மாட்டுவது

சாட்டா எஸ்எஸ்டி பெட்டியில் கேபிள் வராது, சாட்டா டேட்டா கேபிள் ஒன்று சேர்த்து வாங்குங்கள். பவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினியின் பவர் சப்ளை) தட்டையான முனை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2.5 அங்குல டிரைவை 3.5 அங்குல இடத்தில் பொருத்தப் பிராக்கெட் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினாலும் போதும், உள்ளே சுற்றும் பாகம் எதுவும் இல்லை.

எம்.2 என்றால் பலர் மாட்டிக்கொள்வது ஸ்க்ரூவில். அது போர்டின் பெட்டியில் ஒரு சின்னப் பையில் வந்திருக்கும், இதற்குள் தொலைந்திருக்கும். எம்2 அளவு, 3 மி.மீ. நீளம் என்று கேட்டு வாங்குங்கள். டிரைவை 30 டிகிரி சாய்த்துப் பற்கள் மறையும்வரை செருகி, மெல்லக் கீழே அழுத்தி ஸ்க்ரூவை முடுக்குங்கள். மேலே உள்ள ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது, வாரண்டி போய்விடும். போர்டில் ஹீட்சிங்க் இருந்தால் அதன் பட்டையிலுள்ள பிளாஸ்டிக் தாளை மட்டும் கட்டாயம் உரிக்க வேண்டும். மாட்டியபின் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஏதோ ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே வழியைப் பங்குபோடும். கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே சுத்தமான வழி. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் பூட் பகுதி பல நேரம் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்துப் பழையதை எடுத்த அன்று கணினி எழாது, புது எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

இருப்பதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்றால் டபிள்யூடி, கிங்ஸ்டன், க்ரூசியல் மூன்றும் தங்கள் டிரைவுக்கு அக்ரோனிஸ் என்ற நகலெடுக்கும் மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகத் தருகின்றன. சாம்சங்குக்கு அதன் சொந்த மென்பொருள் உண்டு. முதலில் போட்டோக்களை வேறெங்காவது நகலெடுங்கள். டிரைவில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் அது தானாகவே இயங்கும், ரெகவரி கீ கையில் இல்லாமல் ஆரம்பித்தால் வழியில் மாட்டிக்கொள்வீர்கள். நகல் முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்காமல் முழுதாக ஆஃப் செய்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதல் முறை எழுப்புங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் சேர்ந்தே விட்டால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவிடும், அல்லது பழையதிலிருந்தே எழுந்து "வேகமே இல்லையே" என்று நம்மை நினைக்க வைக்கும்.

இரண்டாவது டிரைவாகப் போட்டது "திஸ் பிசி"யில் தெரியவில்லை என்றால் அது பழுதல்ல. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து ஜிபிடி என்று இனிஷியலைஸ் செய்து, நியூ சிம்பிள் வால்யூம் கொடுக்க வேண்டும்.

பின்னால் வரும் கோளாறுகள்

திடீர் திடீரென்று கணினி சில நொடி உறைந்து மீண்டால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 என்ற வரியைப் பாருங்கள், சிஆர்சி பிழைகளின், அதாவது கேபிள் வழியே தரவு சிதைந்து வந்த தடவைகளின் எண்ணிக்கை அது. நாளுக்கு நாள் ஏறினால் குற்றவாளி சாட்டா கேபிள்தான், டிரைவ் இல்லை. கேபிளை மாற்றினால் எண் நின்றுவிடும்.

ஃபர்ம்வேரை அலட்சியப்படுத்தாதீர்கள். 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் வந்தபோது டபிள்யூடி எஸ்என்770, எஸ்என்580 ஆகியவற்றின் 2 டிபி மாடல்கள் நீலத் திரை காட்டி விழுந்தன. அதுவரை 64 எம்பி ரேம் கொடுத்து வந்த விண்டோஸ், புதிய பதிப்பில் டிரைவ் கேட்ட 200 எம்பியையும் கொடுத்தது. அதை டிரைவின் ஃபர்ம்வேரால் கையாள முடியவில்லை. நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டு அதைச் சரிசெய்தது. வாங்கிய முதல் நாளிலேயே நிறுவனத்தின் மென்பொருளை இறக்கி ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டால் இந்த மாதிரித் தலைவலிகளில் பாதி குறையும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் எஸ்எஸ்டிக்கு முன் யுபிஎஸ் வாங்குங்கள். வீட்டு எஸ்எஸ்டிகளில், சர்வர் வகையில் உள்ளதைப் போல மின்சாரம் போனபின் எழுதி முடிக்க உதவும் கெபாசிட்டர்கள் இல்லை. அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் கரண்ட் போனால், ஹார்ட் டிஸ்க் போலச் சத்தம் கொடுத்து எச்சரிக்காது. மறுநாள் பயாஸில் (கணினி எழும்போது வரும் போர்டின் அமைப்புத் திரை) டிரைவே தெரியாது, தரவு மீட்பும் பெரும்பாலும் கைகொடுக்காது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன பகுதி) விழாமல் இருந்தால் யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு, குடும்பப் படங்களின் நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். தன் எழுதும் ஆயுளை முடித்த வீட்டு எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமில்லாமல் ஒரு வருடம் தரவைக் காப்பாற்ற வேண்டும் என்பதே நினைவகச் சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதிய டிரைவ் அதைவிட அதிகம் தாங்கும். ஆனால் நம் வீட்டு இரும்பு பீரோவுக்குள் சித்திரை வெயிலில் 30 டிகிரியோடு நிற்பதில்லை. எஸ்எஸ்டியில் நகல் வைத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினியில் செருகி, படங்களைத் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள்.